பூர்வீக வீடும் அதன் விற்பனைப் பருவங்களும்: சமயபுரம் – ஸ்ரீரங்கம் வட்டாரத்தை முன்வைத்து

பூர்வீக வீடு என்பது மூன்று தலைமுறை வாழ்ந்து, நான்காம் தலைமுறை வாழ மறுக்கும் கட்டடம். கொள்ளிடத்துக்குத் தெற்கே ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிகளிலும், வடக்கே சமயபுரத்துக் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் இதைக் காணலாம். பூட்டிய கதவும் அதில் சாக்பீஸால் எழுதிய கைபேசி எண்ணும் இதன் புற அடையாளங்கள். எண்ணில் ஓர் இலக்கம் மழையில் அழிந்திருப்பது மரபு.

உடற்கூறு எளியது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை எனப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அகலம் மட்டும் வளர்வதில்லை. கூரை இருவகை. தேக்கு உத்தரத்தின் மேல் மெல்லிய செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்த மெட்ராஸ் ஒட்டு ஒன்று. மங்களூர் ஓடு மற்றொன்று. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகு தென்னிந்தியா எங்கும் பரவியது. இரண்டும் ஒழுகும், ஒட்டு அமைதியாக, ஓடு அறிவித்துவிட்டு. பக்கச் சுவர் பெரும்பாலும் பொதுச் சுவர் ஆகையால், ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டுக் கூடத்துக்கு எதிர்பாராத வெளிச்சம் கிடைக்கும்.

திண்ணையின் பரிணாமம் ஆற்றின் இரு கரையிலும் இரு திசையில் சென்றது. ஸ்ரீரங்கத்தில் அதற்குக் கம்பிக் கதவு போட்டு ஸ்கூட்டரை உள்ளே ஏற்றினார்கள். சமயபுரத்தில் தேங்காய், பூ, வேப்பிலை, மஞ்சள் விற்கும் கடையாக வாடகைக்கு விட்டார்கள். எனவே சமயபுரத்து வீட்டில் திண்ணை சம்பாதிக்கிறது. பின்னால் உள்ள ஆறு அறைகள் அதை உண்டு வாழ்கின்றன. சித்திரைத் தேரன்று திருச்சியிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் நடந்து வரும் கூட்டம் தெருவை நிறைக்கும். விற்பவர் அன்றைக்கென்று பார்த்து வீட்டைக் காட்டுவார், வியாபார வாய்ப்பு கண்ணில் படட்டும் என்று. வாங்க வந்தவரோ காரை நெடுஞ்சாலையிலேயே விட்டு வெயிலில் நடந்து வந்த எரிச்சலில் விலையைக் குறைத்துக் கேட்பார்.

விற்பனையின் முதல் பருவம் மறுப்பு. “அப்பா மூச்சு இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம்” என்பது இதன் வாய்பாடு. இரண்டாம் பருவத்தில் “நமக்குள்ளேயே யாராவது எடுத்துக்கலாமே” என்ற யோசனை எழும். அதைச் சொல்பவர் எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் பருவத்தில் புரோக்கர் வருகிறார். அவர் மொழியில் எல்லா வீடும் கோயிலிலிருந்து ‘நடக்கிற தூரம்’. ஸ்ரீரங்கமானால் ‘ராஜகோபுரம் மாடியிலேர்ந்து தெரியும்’. 1987-இல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடிக்கு எழுந்த கோபுரம் மணப்பாறைச் சாலையிலும் தெரியும் என்பதை வாங்குபவர் நினைத்துக்கொள்வதோடு சரி. எழுத்தாளர் சுஜாதா ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் என்பதால், அவர் கிரிக்கெட் ஆடிய தெருவும் தேவைக்கேற்ப இடம் மாறும்.

நான்காம் பருவம் கையெழுத்து. மற்றப் பருவங்கள் மாதக் கணக்கில் முடிய, இது பத்தாண்டுக் கணக்கில் நீள்வது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளைப் பிறப்பால் பங்காளியாக ஏற்கவில்லை. தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்து ஏற்றது. ஆனால் அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. பல குடும்பங்களில் கல்யாணப் பத்திரிகை, மூலப் பத்திரத்துக்கு அடுத்த ஆவணம் ஆனது இப்படித்தான். 2005-இல் மத்தியச் சட்டத்திருத்தம் அந்த வேலியை எடுத்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இவ்வட்டாரத்துக்கே உரிய வாதம் ஒன்றும் இங்கே குறிக்கத்தக்கது. சமயபுரத்து மாரியம்மன் ஸ்ரீரங்கத்து ரங்கநாதரின் தங்கை என்பது ஐதீகம். தைப்பூசத்தில் அம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள, அண்ணன் கோயிலிலிருந்து சீர் வருகிறது. “பெருமாளே வருஷா வருஷம் சீர்தானே குடுக்கறார், பங்கா பிரிச்சார்?” என்பது அண்ணன்மார் தரப்பு. “அம்மனுக்குத் தனிக் கோயில் இருக்குண்ணா, எனக்கு இருக்கா?” என்பது தங்கைமார் தரப்பு. இதுவரை மறுமொழி இல்லாத வாதம் பின்னது.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். எல்லாம் கூடி வரும்போது ஸ்ரீரங்கத்தில் ‘அடிமனை’ குறுக்கிடலாம். சுவரும் கூரையும் குடும்பத்துடையவை, கீழே இருக்கும் மண் கோயிலுடையது என்று சொல்லப்படும் இடங்களில், நூறாண்டு குடியிருந்தவருக்கும் பத்திரப்பதிவு கைகூடாது.

விலை பேசும்போது கட்டடத்தின் மதிப்பு பூஜ்யம். சதுர அடி மண்ணுக்கே விலை. வாஸ்து பார்ப்பவருக்கு மட்டும் வீடு கண்ணில் படும், குறை சொல்வதற்காக. கதவு, நிலை, தூண், ஊஞ்சல் ஆகியவை தனிக் கணக்கு. அவை காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய், வேறொரு ஊரின் உணவகத்தில் ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் மறுபிறவி எடுக்கும். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் நான்கிலிருந்து இரண்டு சதவீதமாகக் குறைந்ததால், ஏழு சதவீத முத்திரைத் தீர்வையோடு சேர்த்து ஒன்பது சதவீதம். கூடவே வழிகாட்டி மதிப்பும் உயர்ந்ததால், குறைந்ததை உணர்ந்தவர் சிலரே.

பதிவானால் அடுக்குமாடி, தரைத்தளத்தில் கார் நிறுத்தம், முகப்பில் விற்றவரின் தாத்தா பெயர். பதிவாகாவிட்டால் வாரிசுகளில் ஒருவர் காலமாகி, அவர் இடத்தில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் சேர்வர். தேவையான கையெழுத்து மூன்று கூடும். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் புதிய மனு கொடுக்க வேண்டும்.