துறட்டி எடுக்கலாமா?

கேள்வி: கேமரன் மலையில் ஸ்ட்ராபெர்ரி பறித்து வாங்குகிறோமே, மலாக்காவில் அப்படிப் பழத்தோட்டம் தேடுவது எப்படி?
– ஜாசின் வாசகி

பதில்: பாசார் தானியில் தொடங்குங்கள். 1965இல் அமைந்த ஃபாமா (கூட்டரசு வேளாண் சந்தை வாரியம்) நடத்தும் இந்தச் சந்தையில் விளைவித்தவர்களே கடை போடுகிறார்கள். பழத்தை ருசி பார்த்த கையோடு, "தோட்டம் எங்கே? வந்து பறிக்கலாமா?" என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெரும்பாலும் நல்ல பருவம். மழை மாறினால் காய்ப்பும் தள்ளிப்போகும்.

ரம்புத்தானுக்குத் துறட்டி போதும். ஆனால் பறித்தபின் அது பழுக்காது. நன்றாகச் சிவந்த குலையை மட்டும் இழுங்கள்.

டுரியானிடம் அந்த வீரம் செல்லாது! மலேசியாவில் அது தானாகப் பழுத்து விழுந்த பிறகே பொறுக்குவது வழக்கம். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குப் பழத்துக்கு முன் மருத்துவமனைதான் கிடைக்கும்.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டப்புறங்களில் உறவினர் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். லயத்து வீட்டுக் கொல்லை முருங்கைக்கும் வாழைக்கும் விளம்பரப் பலகை கிடையாது.

போகுமுன் தொலைபேசியில் விலை பேசுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். பறித்ததற்கு உரிய காசைக் குறைக்காமல் கொடுங்கள்.