ஸ்விஃப்ட்டுக்கு எதற்கு லைன் லாக்?

கேள்வி: டிராக் ரேஸ் காரில் 'லைன் லாக்' மாட்டுகிறார்களே, அது என்ன?
– நீலசந்திரா வாசகர்

பதில்: முன்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாயின் நடுவே உட்காரும் மின்வால்வு. பிரேக்கை ஓங்கி மிதித்து, பட்டனை அமுக்கிக்கொண்டே காலை எடுத்தால் முன்பிரேக் பிடித்தபடி நிற்கும், பின்பிரேக் விட்டுவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி நகராது, பின்சக்கரம் மட்டும் சுற்றும். பந்தய டயரின் ரப்பர் சூடேறினால்தான் தரையைக் கவ்வும். புகை வேடிக்கை பார்ப்பவர்களுக்கு!

கேள்வி: என் ஸ்விஃப்ட்டில் மாட்டலாமா?
– ஆனேபாளையா

பதில்: எஞ்சின் சுற்றுவதே முன்சக்கரத்தை. அதையே பூட்டிவிட்டு எதைச் சுற்றப் போகிறீர்கள்? நீங்கள் பிடிக்க வேண்டியது பின்சக்கரத்தை. அதற்குத்தான் கம்பெனியே ஹேண்ட்பிரேக் கொடுத்திருக்கிறதே! அம்பாசடர், பத்மினி, ஆம்னி இருந்தால் சொல்லுங்கள், பேசலாம். (ஆம்னி பின்சக்கரத்தில் புகை விடுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.)

கேள்வி: பத்மினிதான். மெக்கானிக் எங்கே கோட்டை விடுவார்?
– ரோஸ் கார்டன்

பதில்: காற்றில். குழாயைக் கழற்றினாலே காற்று புகுந்துவிடும். நாலு சக்கரத்திலும் முழுசாக பிளீட் செய்து காற்றை வெளியேற்றாவிட்டால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். அடுத்தது பட்டன். விரலை எடுத்ததும் தானே மீள்கிற ஹாரன் பட்டன் வகைதான் வேண்டும். போட்டால் போட்டபடி கிடக்கும் சுவிட்ச் என்றால், மறந்துபோய் முன்பிரேக் பிடித்தபடியே கிளம்புவீர்கள். வயரில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். "அப்புறம் போட்டுக்கலாம் சார்" என்பார். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும்.

கேள்வி: பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் காலுக்கு ஓய்வு கொடுக்க இதைப் போடலாமா?
– ஆஸ்டின் டவுன்

பதில்: அந்த மின்வால்வில் இருப்பது சில நொடி வேலைக்கான காயில். சில்க் போர்டில் கருகிவிடும். கரண்ட் போனால் வால்வு திறந்து, வண்டி முன்னால் நிற்கும் ஆட்டோவை நலம் விசாரிக்கப் போகும்.

கேள்வி: ராத்திரி ரிங் ரோட்டில் ஒரே ஒரு ஓட்டம்?
– பெயர் வேண்டாம்

பதில்: பெயரை போலீஸ் கேட்கும். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி சாலைப் பந்தயத்துக்கு முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டிராக் ரேஸ் தூரமான 402 மீட்டர் ஓடித்தான் ஆக வேண்டுமென்றால் சென்னை ஹைவேயைப் பிடித்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம், தேசிய டிராக் போட்டிகள் நடந்த இடம். டோல் உங்கள் செலவு.