வக்கீல் இறங்கிய குழிகள்

எதுவார்-ஆல்ஃபிரெட் மார்ட்டெல் பாரிஸில் வணிக வழக்குகளைப் பார்த்துவந்த வக்கீல். கோர்ட்டுக்கு விடுமுறை விட்டால் மற்ற வக்கீல்கள் கடற்கரைக்குப் போனார்கள். இவர் நூலேணியும் மெழுகுவத்தியுமாகப் பள்ளம் தேடிக் கிளம்பினார். வீட்டில் என்ன சொன்னார்களோ!

1889-இல் பிரான்ஸின் பாதிராக். சாத்தான் காலால் உதைத்து உண்டாக்கிய ஓட்டை என்று ஊரே நம்பிய குழி அது. மார்ட்டெல் 75 மீட்டர் இறங்கிப் பார்த்தார். சாத்தான் வீட்டில் இல்லை. ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆசாமி அசரவில்லை. மடக்குப் படகைக் கீழே இறக்கிச் சவாரியே போய்விட்டார்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கேப்பிங் கில் என்று இன்னொரு குழி. ஓர் ஓடை அப்படியே அதற்குள் விழுகிறது, ஏறக்குறைய 100 மீட்டர். 1842-இல் ஜான் பர்க்பெக் என்பவர் வாய்க்கால் வெட்டி ஓடையைத் திருப்பிவிட்டு, கயிற்றில் தொங்கியபடி இறங்கினார். பாதியைத் தாண்டியதும் ஒரு பாறைத் திட்டு. போதுமடா சாமி என்று திரும்பிவிட்டார். அதற்கப்புறம் அரை நூற்றாண்டு போயிற்று. உள்ளூர் மலையேறிகள் ஒருவழியாகத் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தபோது, 1895 ஆகஸ்ட் 1 அன்று பிரெஞ்சுக்காரர் வந்து நின்றார். ஓடையைத் திருப்பியும் அடங்காத தண்ணீர் தலையில் கொட்ட, நூலேணியைப் பிடித்துக்கொண்டு 23 நிமிடத்தில் தரையைத் தொட்டார். மேலே இருப்பவர்களோடு பேசக் கையோடு தொலைபேசி வேறு! இங்கிலாந்துக்காரர்களின் முகத்தை அன்று யாராவது படம் பிடித்திருக்கலாம்.

இத்தனை பாதாளம் பார்த்தவரைச் சாய்த்தது ஒரு வாய்த் தண்ணீர். 1891-இல் பிரான்ஸில் மலையடிவார ஊற்று ஒன்றில் தெளிந்த நீரை அள்ளிக் குடித்தார், படுத்துவிட்டார். எழுந்ததும் சும்மா இருப்பாரா? மேலே இருந்த குழிக்குள் இறங்கினார். அழுகிய கன்றுக்குட்டி ஒன்று கிடந்தது. செத்த மாட்டைக் குழியில் தள்ளிவிட்டுக் கை கழுவுவது அன்று அந்தப் பக்கத்து வழக்கம். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே ஊற்றுக்கு அனுப்பிவிடும். ஆக, கன்றின் சாறுதான் நம் வக்கீலின் வயிற்றுக்குள் போயிருந்தது.

விடாமல் எழுதினார், வாதாடினார். 1902-இல் வந்த பிரான்ஸின் பொதுச் சுகாதாரச் சட்டம், செத்த விலங்குகளைக் குழிகளில் போடத் தடை விதித்தது. வயிற்றுப்போக்கைச் சாட்சியாக வைத்துச் சட்டமே வாங்கிய வக்கீல் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.