பட்டன் வைத்த துணி

கேள்வி: மாதம் 600 ரூபாய்க்குக் கார் துடைப்பவர் பானட்டில் கீறல் போட்டுவிட்டார். டிங்கரிங் கடையில் 4,000 கேட்கிறார்கள். சம்பளத்தில் பிடிக்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

பிடிக்கலாம். கிட்டத்தட்ட ஏழு மாதம் அவர் உங்களுக்கு ஓசியில் துடைக்க வேண்டியிருக்கும். நாலாவது நாளே வாளியோடு அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். கீறலும் நீங்களும் மட்டும் மிச்சம்.

கணக்குப் போடுவதற்கு முன், கீறலுக்குக் குறுக்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் சேதம் மேலே இருக்கும் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. காம்பவுண்ட் போட்டு ரப்பிங் செய்தால் பெரும்பாலும் போய்விடும், 4,000 ஆகாது. நகம் மாட்டினால் பெயின்ட் வரை இறங்கியிருக்கிறது. தகரமே தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். நம்மூர் ஈரக் காற்றுக்குத் துருவேற்றச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் அவர் கையில் இருக்கும் துணியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் காரிலும் ஒருமுறை வெயில் பட்டால் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாய்க் கோடுகள். கையும் களவுமாகப் பிடிப்பதென்று விடிகாலை ஐந்தரைக்குக் கீழே இறங்கினேன். ஒரே வாளித் தண்ணீர். எனக்கு முன் நாலு காரைக் குளிப்பாட்டி டீ நிறத்துக்கு வந்திருந்தது. துணி கை நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தார், ஓர் உதறு உதறினார், நேராக என் பானட்டில் வைத்து அழுத்தித் தேய்த்தார். வாயைத் திறக்கப் போனவன் துணியைப் பார்த்தேன். கட்டம் போட்ட என் பழைய சட்டை. போன மாதம் ‘துடைக்க வச்சுக்குங்க’ என்று தாராள மனதோடு நானே கொடுத்தது. காலரில் இரண்டு பட்டன்கள் அப்படியே இருந்தன.

பேசாமல் மேலே போய்விட்டேன். அன்று மாலை இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் இன்னொரு வாளியும் வாங்கினேன். ஒன்று சோப்புத் தண்ணீருக்கு, மற்றது துணியை அலசுவதற்கு. முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் துணி வைக்க வேண்டும் என்று சொன்னேன். “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

கேள்வி: சைடு மிரரை உடைத்தது அவர்தான் என்பது கேமராவில் தெளிவாகத் தெரிகிறது. கேட்டால், ‘நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு’ என்கிறார். என்ன செய்ய? (மடிப்பாக்கம் வாசகி)

தப்பித்தவறியும் அந்த வீடியோவை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அங்கே எல்லோரும் நீதிபதிகள், தீர்ப்பு மட்டும் ஒன்றே. மறுநாள் அத்தனை வீட்டிலும் அவருக்கு வேலை போய்விடும். உடைந்தது ஒரு கண்ணாடி.

தனியாகக் கூப்பிட்டு வீடியோவைக் காட்டுங்கள். “உடைஞ்சதுக்கு உங்ககிட்ட காசு கேக்கல. மறைச்சதுக்குத்தான் கோபம்” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். இதற்கு முன் உண்மையைச் சொன்ன இடத்தில் யாராவது முழுப் பணத்தையும் பிடுங்கிக்கொண்டு விரட்டியிருக்கலாம். அந்தப் பாடத்தைத்தான் உங்களிடம் ஒப்பிக்கிறார். அதற்குப் பிறகும் சாதித்தால் கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள். கை தவறுவது யாருக்கும் நேரும். தினமும் ஐந்தரை மணிக்கு நம் காரோடு தனியாக இருக்கும் மனிதரை நம்ப முடியவில்லை என்றால்தான் தூக்கம் கெடும்.

கேள்வி: இன்ஷூரன்ஸ் இருக்கும்போது இந்தத் தலைவலி எதற்கு? கிளெய்ம் பண்ணிவிட்டால் போச்சு! (கோவை வாசகர்)

வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் ஒன்றும் வராது. முழுப் பாலிசி என்றாலும் 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000. ஜீரோ டெப் எடுக்காதவருக்கு பெயின்ட் பொருளின் விலையில் பாதியைத் தேய்மானமென்று கழிப்பார்கள். பிளாஸ்டிக் பம்பருக்கும் அதே பாதி.

பெரிய அடி இனிமேல்தான். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ், ஒரே கிளெய்மில் பூஜ்யமாகிவிடும். அதைக் காப்பாற்றும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் மட்டும் தப்பலாம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 என்றால், பாதி கட்டிக்கொண்டிருந்தவர் அடுத்த வருடம் முழுசாகக் கட்ட வேண்டும். 4,000 ரூபாய்க் கீறலுக்கு 4,000 ரூபாய் தண்டம், அதுவும் முதல் வருடத்துக்கு மட்டும். கதவே நசுங்கினால் கிளெய்முக்குப் போங்கள். கோடு விழுந்ததற்கெல்லாம் வேண்டாம்.

கேள்வி: சாவியைக் கொடுத்து, காரை நகர்த்திக் கழுவச் சொன்னேன். தூணில் இடித்துவிட்டார். லைசென்ஸ் இல்லையாம். இப்போது யார் பொறுப்பு? (போரூர் வாசகர்)

தூணைச் சொல்லிக் குற்றமில்லை. அவரைச் சொல்லியும் இல்லை. முதலாளி சாவியை நீட்டினால் ‘எனக்கு ஓட்டத் தெரியாது’ என்று சொல்ல நிறையத் தைரியம் வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய சேதம் என்றால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். தெருவில் ஓட்டியிருந்தால் இன்னும் மோசம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-ஆவது பிரிவு, லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்ட உரிமையாளரைத் தேடி வரும். 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டிங்கரிங் பில்லை நீங்களே கட்டுங்கள். சாவி இனி வீட்டுக் கொக்கியிலேயே தொங்கட்டும்.

கேள்வி: வாட்டர் வாஷ் கடையில் ‘சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று போர்டு வைத்திருக்கிறார்களே? (திருச்சி வாசகி)

போர்டு வைக்க யாரும் அனுமதி கேட்பதில்லை. 1998-இல் டெல்லியின் ஒரு நட்சத்திர ஓட்டலில் வாலே பார்க்கிங் ஊழியரிடம் சாவியைக் கொடுத்த விருந்தாளியின் மாருதி ஜென் திருடு போனது. ‘உங்கள் சொந்தப் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டிருக்கிறோமே என்று ஓட்டல் வாதாடியது. தன் அலட்சியத்தை அந்த வரிக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் திரும்பக் கிடைக்க அல்ல, தீர்ப்பு கிடைக்கவே 21 வருடம்.

ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் காரை ஒரு சுற்றுச் சுற்றி செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது வாங்குங்கள். சேதத்தைக் கடை வாசலைத் தாண்டும் முன்பே காட்டுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இந்த அளவு வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: இனி நானே துடைக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். (தாம்பரம் வாசகர்)

எத்தனை நாள் என்று பத்தாம் நாள் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் காரைத் துடைப்பவர் வைப்பரை உடைத்துவிட்டு, எனக்குத் தெரியாமலே புதுசு வாங்கி மாட்டிவிட்டார். வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். (மதுரை வாசகி)

வற்புறுத்தாதீர்கள், கௌரவக் குறைவாக நினைப்பார். தீபாவளிக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுங்கள். புதுச் சட்டை. அதில் பட்டன் இருக்கலாம்.