தேயிலை மூட்டையின் எழுத்ததிகாரம்

முதலெழுத்து முப்பது, சார்பெழுத்து மூன்று என்று வரையறுத்துவிட்டுப் போனார் தொல்காப்பியர். அவர் காலத்தில் நீலகிரியில் தேயிலை கிடையாது. எனவே தேயிலையின் கிரேடைக் குறிக்கும் டி, பி, எஃப், ஓ ஆகிய எழுத்துகளை அவர் விட்டுவிட்டதைக் குற்றமாகக் கொள்ளலாகாது. அவர் விட்ட இடத்திலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது.

ஆய்வுக்களம் ஜெகதளா. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே, அருவங்காட்டை ஒட்டிய பேரூராட்சி. வீட்டில் படுக மொழியும் கடையில் தமிழும் பேசும் ஊர் இது. ஆனால் சுற்றுவட்டாரத்துப் பெரிய மதில்களெல்லாம் ஆங்கில முதலெழுத்துகளில்தான் பேசும். ராணுவம் இருக்கும் வெலிங்டன் பக்கம் போனால் எம்.ஆர்.சி., டி.எஸ்.எஸ்.சி.; தண்டவாளத்தில் என்.எம்.ஆர். 1903-இல் நிறுவப்பட்ட வெடிமருந்து ஆலைக்கு மட்டும் ஏனோ ‘கார்டைட் பேக்டரி’ என்று முழுப்பெயர் நிலைத்துவிட்டது. இப்படிப் பழகிய கண்கள், தேயிலை மூட்டையின் மேல் ‘பி.ஓ.பி.எஃப்.’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து இது எந்த ரெஜிமென்ட் என்று திகைப்பதில்லை. அந்தத் திகைப்பின்மையே இத்துறையில் ஆய்வு வளராமைக்குக் காரணம் என்பது நம் துணிபு.

இனி இலக்கணம். எஃப் என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். ‘எஃப்.ஓ.பி.’ என்று சொல்லின் முன்னால் நின்றால் அது ‘ஃப்ளவரி’, அதாவது மலர்த்தன்மை உடையது. ‘பி.எஃப்.’ என்று கடைசியில் நின்றால் ‘ஃபேனிங்ஸ்’, அதாவது சலித்து விழுந்த குறுநொய். எழுத்து ஒன்றுதான், நிற்கும் இடம்தான் வேறு. ‘எஃப்.டி.’யில் இதே எழுத்து ‘ஃபைன்’ ஆகும். ‘எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி.’யில் முதலில் ‘ஃபைனஸ்ட்’, நடுவில் மீண்டும் ‘ஃப்ளவரி’. ஒரே சொல்லுக்குள் இரண்டு வேடம் போடும் எழுத்தைத் தமிழ் இலக்கணம் கண்டதில்லை.

அடுத்து டி. இங்கே தமிழ் வாசகனுக்கு ஒரு வசதி, வெள்ளைக்காரனுக்கு வாய்க்காதது. அவன் இரண்டு எழுத்தாக எழுதுவதை நாம் ஒரே டி-யாக எழுதுகிறோம். முதலில் நிற்கும் டி ‘டிப்பி’, கொழுந்தின் நுனிமொட்டு. ஈற்றில் நிற்கும் டி ‘டஸ்ட்’, தூள். ஆக, முன்னின்றால் உயர்வு, பின்னின்றால் தாழ்வு என்று நூற்பா செய்துவிடலாம் எனப் பேனாவை எடுக்கும்போது பி வந்து கெடுக்கிறது. ‘பி.ஓ.பி.’யில் முதல் பி ‘ப்ரோக்கன்’, உடைந்தது. ஈற்றுப் பி ‘பீக்கோ’, மதிப்புள்ளது. இதைப் புறனடையில் தள்ளுகிறோம். புறனடை இல்லாத இலக்கணத்தை எந்தப் புலவரும் ஏற்கமாட்டார்.

பீக்கோ என்பது சீனத்தின் தென்கிழக்குக் கரைப் பேச்சிலிருந்து வந்தது. மொட்டின் மேலுள்ள வெள்ளைப் பூமயிரைக் குறிக்கும். ஓ என்பது ஆரஞ்சு. அதில் பழமும் இல்லை, சுவையும் இல்லை. டச்சு அரச குடும்பத்தின் பெயர் என்பர் ஒரு சாரார். இலையின் செம்பொன் நிறம் என்பர் மறுசாரார். இரு சாராரும் டீ குடித்துக்கொண்டே சண்டையிடுவதால் முடிவு எட்டப்படவில்லை.

இவ்வளவு எழுத்தும் சுவையைச் சொல்கின்றனவா என்றால், இல்லை. முதன்மையாக அளவைச் சொல்கின்றன. உலர்ந்த தேயிலை அடுக்கடுக்கான சல்லடைகளில் ஆடும்போது பெரியது மேலே தங்கும், தூள் அடியில் சேரும். தங்கிய தட்டுக்கேற்பக் கிரேடு. ‘எஸ்.எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி.’ என்று ஏழெழுத்து வரை நீளும் பெயர்கள், வக்கீல் வீட்டுப் பலகையில் பெயரை ஓரங்கட்டிவிட்ட பட்டங்களைப் போலிருக்கும். எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி.க்கு வியாபாரிகளே வேறொரு விரிவும் வைத்திருக்கிறார்கள்: ‘ஃபார் டூ குட் ஃபார் ஆர்டினரி பீப்பிள்’. சாமானியனுக்கு இது ரொம்பவே அதிகம் என்று பொருள். உரையாசிரியர்கள் எவரும் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

அந்த நீளப்பெயர்கள் ஆர்தடாக்ஸ் முறையில் சுருட்டிய இலைக்கு உரியவை. 1930 வாக்கில் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதற்கும் மூன்றெழுத்து, சி.டி.சி. நீலகிரியின் சிறு விவசாயிகள் பேக்டரிக்குக் கொடுக்கும் கொழுந்தில் பெரும்பகுதி இந்த இயந்திரத்தின் பற்களுக்கிடையேதான் போகிறது. வெளியே வருபவை பெரும்பாலும் பி.பி., பி.எஃப்., பி.டி., எஸ்.ஆர்.டி. என்ற குறும்பெயர்கள். 1963 முதல் நடந்துவரும் குன்னூர் ஏலத்தில் இலை தனி, டஸ்ட் தனி.

பறித்து வந்த பச்சைத்தேயிலைக்கோ எழுத்தே கிடையாது. இரண்டு இலை ஒரு மொட்டு, அப்புறம் தராசு. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையை வைத்து விவசாயி சண்டைபோடலாம்; எஃப் முன்னால் வருமா பின்னால் வருமா என்று அவரைக் கேட்பார் இல்லை. அவர் பறித்த மொட்டில் ‘டிப்பி’ இருந்ததா என்பதும் சல்லடை ஆடிய பிறகு, வேறொருவர் பெயரிலுள்ள மூட்டையில்தான் தெரியும்.

கடைசியாக ஒரு பிணக்கு. ஜெகதளா டீக்கடையில் ஏழெழுத்து ஏன் விற்பதில்லை? ஏழ்மை என்பார் பொருளியலார். நாம் அதை மறுக்கிறோம். தூள் சிறுத்திருப்பதால் வெந்நீர் படும் பரப்பு அதிகம். சாயம் சடுதியில் இறங்கும். பாலும் சர்க்கரையும் சேர்ந்தாலும் நிறம் தாங்கும். ஒரு கிலோவுக்கு அதிக கிளாஸ் தேறும். மலைக்குளிரில் நிற்பவனுக்கு மலர்த்தன்மை எதற்கு? இலக்கண வழியாகவும் இதற்குத் தெளிவு உண்டு. டஸ்ட்டின் டி குறில், ஒரு மாத்திரை. வடிதுணியில் வெந்நீர் பட்டதும் நெடிலாகி, டீ, இரண்டு மாத்திரை. அதற்குமேல் நீட்டினால் அளபெடை; கசக்கும்.