மூச்சை ஆழமா இழுங்க

மனநல ஆலோசகர் பயிற்சியில் மேற்பார்வையாளர் அடையாறு, பயிற்சி பெறுபவர் எண்ணூர்க் குப்பம் என்று அமைந்துவிட்டால், குறை சொல்வது தனிக் கலை. "சாதியெல்லாம் நான் பார்க்கிறதே இல்லம்மா" என்று தொடங்கி, "பேச்சுதான் கொஞ்சம் லோக்கலா இருக்கு" என்று முடியும். "இன்னாக்கா, வலையெல்லாம் எண்ணெ ஏறிப் பூட்ச்சா?" என்று பயிற்சி பெறுபவர் கேட்ட பிறகுதான் ஆலோசனைக்கு வந்த மீனவப் பெண் வாயையே திறந்தார். அது குறிப்பேட்டில் ஏறாது. 'மொழியில் நாகரிகம் தேவை' ஏறிவிடும்.

எதிர்த்திசையிலும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். அந்த ஊருக்கு மேற்பார்வையாளர் மேடம் தரும் வீட்டுப்பாடம்: தினமும் வாசலில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆழ்ந்த சுவாசம்.

மேடத்திடம் சொல்லலாம்தான். சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவரே.