ஸ்பைக் பஸ்டரின் பயனும் பயன்பாடும்: ஏற்காட்டு வீடுகளை முன்வைத்து

ஸ்பைக் பஸ்டர் என்பது சுவரிலுள்ள ஒரு பிளக் பாயின்ட்டை நான்காகவோ ஆறாகவோ பெருக்கிக் காட்டும் நீளப் பெட்டி. மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது கணினியைக் காப்பது இதன் கடமை என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். ஏற்காட்டு வீடுகளில் இது ஆற்றும் பணிகளை முறைப்படி வரிசைப்படுத்தினால், செல்போன் சார்ஜர்களைத் தாங்குவது முதலில் வரும். மார்கழிக் குளிரில் 2000 வாட் ஹீட்டரைச் சுமந்து சூடாவது அடுத்தது. 6 ஆம்பியர் பெட்டியிடம் இது கேட்கக்கூடாத உதவி. கணினியைக் காப்பது அதற்கும் பிறகுதான்.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வரை வெயில் காயும். சாயங்காலம் இடி இறங்கும். காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவேதான் மின்கம்பிகள் போகின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தபோது, அந்த நிழலில் ஒருநாள் மதர்போர்டுகளும் வாழ நேரும் என்று நினைத்திருக்க வாய்ப்பில்லை. காற்றடித்தால் கிளை முறிந்து கம்பியில் விழும். கரண்ட் போய்ப் போய் வரும். மின்னல் கம்பியிலேயே இறங்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தாலே கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். எல்லாம் மைக்ரோ விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். 230 வோல்ட்டுக்குப் பழகிய கணினிக்கு அதுவே போதும்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய நாலணாக் காசளவில் ஒரு வில்லை தெரியும். அதுதான் வேரிஸ்டர். துத்தநாக ஆக்சைடால் ஆன இது, 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் உருவானது. 230 வோல்ட்டில் கம்மென்று கிடக்கும். அழுத்தம் சில நூறு வோல்ட் கூடினால் வழிவிட்டு, மிகுதியை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் திருப்பிவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். வில்லை செத்த பிறகும் பல பெட்டிகள் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிவப்பு விளக்கும் எரியும். அந்த விளக்கைப் பார்த்து நிம்மதி அடைவது வீட்டார் வழக்கம். பெரும்பாலான பெட்டிகளில் அது கரண்ட் இருப்பதற்கு மட்டுமே சாட்சி. மலிவுப் பெட்டிகளில் வில்லையே இல்லாமல் விளக்கு மட்டும் இருப்பதும் உண்டு. இவ்வகையை மின்னியலில் சேர்ப்பதைவிட பக்தி இயக்கத்தில் சேர்ப்பதே முறை.

ஆய்வின் கடினமான பகுதி எர்த். கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, நடுவே ஜி.ஐ. பைப் இறக்கி, ஈரம் காயாமல் தண்ணீர் ஊற்றுவது எர்த் குழியின் இலக்கணம். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் இந்த இலக்கணம் பாறையில் முட்டி நிற்கிறது. இங்குள்ளது சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குக் கல்லாகப் போய் அவர் பெயரையே பெற்ற இனம். கல்லறைக்கு உகந்தது எர்த்துக்கு உகந்ததல்ல. காய்ந்த பாறை மின்சாரத்தை எளிதில் ஏற்காது. அதிலும் ஒரு விசேஷம் உண்டு. கோடை இடி வரும் நேரத்தில்தான் நிலம் ஆண்டிலேயே அதிகம் வறண்டு கிடக்கும். குடிக்கவே குடத்தை எண்ணும் வீட்டில் குழிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

எர்த் இருக்கும் வீடுகளிலும் அதை வெல்ல ஒரு கருவி உண்டு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் நுழைக்க உதவும் கன்வெர்ட்டர் அது. எர்த்தோடு இருக்கும் உறவை அது அறுத்துவிடுவதால், மூன்று வில்லை உள்ள நல்ல பெட்டியிலும் எர்த்தை நம்பிய இரண்டு வில்லைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது.

வாசலைப் பூட்டினாலும் கொல்லைப்புறம் உண்டு. செம்புக் கம்பியில் வரும் இணையமும், மாடியிலிருந்து இறங்கும் டிஷ் கேபிளும் ஸ்பைக் பஸ்டரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. அதைத் தாங்கும் இரும்புக் கம்பி கடத்தும். நியூட்ரல் அறுந்தாலோ வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறி நிமிடக்கணக்கில் நிற்கலாம். மைக்ரோ விநாடிக்கென்று பிறந்த வில்லை அதில் கருகிப்போகும். அதற்குத் தேவை, அழுத்தம் கூடினால் தானே துண்டிக்கும் கருவி.

இடி இடித்தால் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்று சொல்வது இவை எல்லாவற்றையும்விடத் தொன்மையான பாதுகாப்பு முறை. அதற்கு எர்த் வேண்டாம். எத்தனை இடி விழுந்தாலும் தேயாது. எனினும் அது மனிதர்களுக்கான ஏற்பாடு. கணினிக்கு, பாட்டிமார் சொல்லும் இன்னொரு முறையே பொருந்தும்: வயரைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அது ஃபேஸைத்தான் துண்டிக்கும், நியூட்ரல் சேர்ந்தே இருக்கும். சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியும் மின்னலுக்கு ஒரு பொருட்டல்ல. ஆகவே மேகம் கறுக்கும்போதே பிளக்கை உருவிவிட வேண்டும். லேன் வயரையும் கூடவே உருவ வேண்டும்.